பெரிய டயர் போட்ட வண்டிக்கு எந்த ஆக்சில் ரேஷியோ?

லிஃப்ட் கிட் (வண்டியின் உயரத்தைக் கூட்டும் செட்) போட்டு, டயரைப் பெரிதாக்கிய வண்டி பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். பெங்களூர் ஹெப்பால் மேம்பாலத்தில் நெரிசலோடு ஊர்ந்து ஏறும்போதுதான் வித்தியாசம் தெரியும். முதல் கியரில் கிளட்சை முன்பைவிட அதிக நேரம் பாதியில் பிடிக்க வேண்டியிருக்கும். ஐந்தாவதில் ஏறிய மேட்டில் வண்டி நான்காவதைக் கேட்கும். முன்னால் போகும் லாரியைத் தாண்ட மனசு வராது. எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது. டயர் வளர்ந்த அளவுக்கு ஆக்சிலில் இருக்கும் கியர் மாறவில்லை, அதுதான் விஷயம்.

பெங்களூரில் தார், ஜிப்ஸி, வி-கிராஸ், பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர். பாதிப் பேர் டயர் வாங்கி மாட்டிய பிறகுதான் ரேஷியோவைப் பற்றி விசாரிக்கிறார்கள். மீதிப் பேர், "உன் வண்டியில என்ன போட்டிருக்க?" என்று நண்பரைக் கேட்டு அதே எண்ணை வாங்கிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். டயரையும் ரேஷியோவையும் ஒரே முடிவாக எடுங்கள். அடுத்தவர் வண்டியின் எண் உங்களுக்கு உதவாது. உங்கள் வண்டியில் தொழிற்சாலை வைத்த ரேஷியோ என்ன, டயர் எவ்வளவு வளர்ந்தது, நீங்கள் எந்தச் சாலையில் ஓட்டுகிறீர்கள், இந்த மூன்றிலிருந்துதான் உங்கள் எண் கிடைக்கும். கணக்கு சுலபம், மொபைல் கால்குலேட்டர் போதும்.

ரேஷியோ என்பது என்ன

கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட், ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலுக்குள் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. பினியன், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் ரேஷியோ 4.10. ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். எண் கூடினால் இழுவை கூடும், அதே வேகத்துக்கு எஞ்சின் சுற்றும் கூடும். எண் குறைந்தால் எஞ்சின் அமைதியாக ஓடும், இழுவை குறையும்.

பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது. அதனால் ரேஷியோவைத் தொடாமலே அதன் எண்ணைக் குறைத்த மாதிரி ஆகிவிடுகிறது. அந்த இழப்பைத் திருப்பிக் கொடுப்பதற்குத்தான் கிரவுன்-பினியனை மாற்றுகிறோம்.

பணம் போடும் முன் சட்டத்தைப் பாருங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. லிஃப்ட்டும் அளவுக்கு மீறிய டயரும் சாலையில் அபராதத்தில் முடியலாம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மில் பிரச்சினை வரும். உங்கள் வண்டிக்கு எந்த அளவு வரை அனுமதி என்று ஆர்.டி.ஓ.விலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஆஃப்-ரோடு டிராக்குக்கு மட்டும் தனி வண்டி வைத்து, அதை வேறு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

முதல் வேலை: இப்போது இருக்கும் ரேஷியோவைக் கண்டுபிடிப்பது

கையேட்டில் இருக்கும். சில வண்டிகளில் டிஃபரன்ஷியல் கவரின் போல்ட்டில் சின்னத் தகடு தொங்கும். ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் காகிதத்தை நம்பாதீர்கள், குறிப்பாகப் பழைய ஜீப்பையும் ஜிப்ஸியையும். முன்னாள் உரிமையாளர் என்ன மாற்றினார் என்று யாருக்கும் தெரியாது. கையால் எண்ணிப் பார்ப்பதுதான் நிச்சயம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டூ வீல் டிரைவில் வைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்து, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலை நீட்டக் கூடாது. தூக்கிய டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. ஒருவர் டயரை நிதானமாக 20 முழுச் சுற்று சுற்றட்டும், இன்னொருவர் ஷாஃப்டின் சுற்றுகளை எண்ணட்டும். மறு சக்கரம் தரையில் நிற்பதால், இந்தச் சக்கரத்தின் 20 சுற்று கிரவுன் வீலுக்கு 10 சுற்றுதான். ஷாஃப்ட் 41 சுற்று வந்தால் ரேஷியோ 4.10. நாற்பத்தைந்தரைக்குச் சற்று மேலே வந்தால் 4.56.

இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் லிமிடெட் ஸ்லிப்போ லாக்கரோ இருக்கும் ஆக்சிலில் ஒரு சக்கரம் மட்டும் சுழல மறுக்கும். அங்கே இரண்டு சக்கரத்தையும் தூக்கி, சேர்த்து 10 சுற்று சுற்றினால் அதே கணக்கு வரும். முன் ஆக்சிலையும் எண்ணுங்கள். ஆளுக்கொரு ரேஷியோவோடு முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்த பழைய ஜீப்புகள் உண்டு. ஃபோர் வீல் போட்டதும் ஸ்டீயரிங் ஏன் முறுக்குகிறது என்று கேட்டுக்கொண்டு அவை ஒர்க்ஷாப்புக்கு வரும்.

இரண்டாவது: டயர் உண்மையில் எவ்வளவு வளர்ந்தது

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவிலிருந்தே விட்டத்தைக் கணக்கிடலாம். 255/60 ஆர் 18 என்றால் அகலம் 255 மி.மீ. அதில் 60 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 153 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 306. ரிம் 18 அங்குலம், அங்குலத்துக்கு 25.4 மி.மீ. வீதம் 457. கூட்டினால் 763 மி.மீ. இதே வழியில் 285/70 ஆர் 17 டயருக்கு 831 மி.மீ. வரும். 831-ஐ 763-ஆல் வகுத்தால் 1.089, அதாவது டயர் 8.9 சதவீதம் வளர்ந்திருக்கிறது. இந்த 1.089-ஐக் குறித்து வையுங்கள், பின்னால் வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. தேய்ந்த பழைய டயரை டேப்பால் அளந்து, புதிய டயரின் அச்சிட்ட அளவோடு ஒப்பிடுவார்கள். பட்டனில் 8 மி.மீ. தேய்ந்திருந்தால் விட்டத்தில் 16 மி.மீ. போய்விடும், அதிலேயே 2 சதவீதம் பிசகும். அச்சிட்ட அளவோடு அச்சிட்ட அளவையே ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டையும் தரையில் உருட்டி அளங்கள்: சரியான காற்றழுத்தத்தில், டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, நகர்ந்த தூரத்தை டேப் வைத்துப் பாருங்கள். எடை ஏறிய டயர் கொஞ்சம் அமுங்கி நிற்பதால், இந்த அளவு காகிதக் கணக்கைவிடச் சற்றுக் குறைவாக வரும். அதுதான் நிஜ அளவு.

மூன்றாவது: மாற்றத்தான் வேண்டுமா?

பணத்தைக் காப்பாற்றும் கேள்வி இது. என் கணிப்பில் டயர் 5 சதவீதத்துக்குள் வளர்ந்திருந்தால் ரேஷியோவைத் தொட வேண்டாம். 2020-க்குப் பிந்திய தாரின் சில மாடல்களில் வரும் 245/75 ஆர் 16 டயரின் விட்டம் 774 மி.மீ. அதை 265/75 ஆர் 16 ஆக்கினால் 804, வளர்ச்சி 4 சதவீதத்துக்கும் கீழே. டர்போ டீசல் எஞ்சினுக்கு இது பொருட்டே இல்லை. பழைய தார் சி.ஆர்.டி.இ.யில் 235/70 ஆர் 16 வந்தது, அதன் விட்டம் 735. அங்கே அதே 804 மி.மீ. டயரைப் போட்டால் 9 சதவீதத்தைத் தாண்டுகிறது. டயர் ஒன்றேதான், ஒரு வண்டிக்குத் தேவையில்லாத வேலை இன்னொன்றுக்குத் தேவையாகிறது. நண்பரின் எண் உதவாது என்று சொன்னது இதனால்தான்.

5 முதல் 8 சதவீதம் வரை உங்கள் ஓட்டத்தைப் பொறுத்தது. வாரம் முழுக்க வெளிவட்டச் சாலை நெரிசலில் மேனுவல் கிளட்சோடு போராடுகிறவர் மாற்றினால் கிளட்ச் பிளேட்டின் ஆயுள் கூடும். வார இறுதியில் மட்டும் நெடுஞ்சாலை என்றால் விட்டுவிடலாம். 8 சதவீதத்தைத் தாண்டினால் மாற்றுவதே நல்லது.

பழைய ஜீப்பில் கதை தலைகீழ். அந்த வரிசையின் வில்லிஸ் சி.ஜே. மாடல்களில் 5.38 என்ற ஆழமான (எண் பெரிதான) ரேஷியோ வந்தது, கிரவுனில் 43 பல், பினியனில் 8. உங்கள் ஜீப்பில் அது இன்னும் அப்படியே இருந்தால், 29 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான பழைய 6.00-16 டயருக்குப் பதில் 31 அங்குல டயர் போட்டாலும், 5-ஐ ஒட்டிய ரேஷியோவின் பலன் கிடைக்கும். இழுவைக்குப் பஞ்சம் வராது. நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்துவது குறையும். அதற்கு ரேஷியோ வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் காரணம் கேளுங்கள்.

நான்காவது: எண்ணைக் கணக்கிடுவது

பழைய ரேஷியோவை அந்த வளர்ச்சி எண்ணால் பெருக்குங்கள். 4.10 × 1.089 = 4.46. இதுதான் சமன் எண், தொழிற்சாலை கொடுத்த குணத்தை அப்படியே திருப்பித் தரும் எண். 4.46 என்று எதுவும் கடையில் கிடைக்காது. உங்கள் ஆக்சிலுக்கு 4.30-உம் 4.56-உம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதை எடுப்பது?

அதற்கு முன் நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் எவ்வளவு சுற்றும் என்று பாருங்கள். மணிக்கு இத்தனை கி.மீ. என்ற வேகத்தை 5305-ஆல் பெருக்கி, மி.மீ. கணக்கில் டயரின் விட்டத்தால் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். அதை ஆக்சில் ரேஷியோவாலும், டாப் கியரின் ரேஷியோவாலும் பெருக்கினால் எஞ்சினின் ஆர்.பி.எம். டாப் கியர் 0.80 என்று எடுத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் பழைய 763 மி.மீ. டயரும் 4.10-உம் சேர்ந்து ஏறத்தாழ 2,280 ஆர்.பி.எம். தரும். 831 மி.மீ. டயர் போட்டு ரேஷியோவை மாற்றாமல் விட்டால் 2,095. மாற்றினால் 4.30-க்கு 2,200, 4.56-க்கு 2,330, 4.88-க்கு 2,490.

4.56 பழைய நிலையைவிட 50 ஆர்.பி.எம். மட்டுமே அதிகம். பெரும்பாலானவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். சமன் எண்ணுக்கு இருபுறமும் ஒவ்வொரு எண் கிடைத்தால் மேலே இருப்பதை எடுங்கள். விட்டம் மட்டும் கூடவில்லை, எடையும் கூடியிருக்கிறது. அந்த எடை முழுக்கச் சக்கரத்தின் வெளி விளிம்பில் இருக்கிறது, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதைச் சுழற்றிவிட வேண்டும். லிஃப்ட் செய்த வண்டி காற்றையும் அதிகமாக வாங்கும். வெறும் விட்டத்தை மட்டும் சரி செய்யும் எண், இந்த இரண்டையும் கணக்கில் எடுப்பதில்லை.

பெங்களூருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு. டர்போ இருக்கும் டீசல் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஜிப்ஸி மாதிரி டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஈடுகட்டாது. அதன் முழு இழுவையும் 4,500 ஆர்.பி.எம். பக்கத்தில்தான் கிடைக்கும். சென்னையில் ஒரு ஜிப்ஸிக்குப் போதுமாக இருக்கும் ரேஷியோ, இங்கே அதே டயரோடு சோர்ந்துபோகும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிக்காரர்கள் சமன் எண்ணைவிட ஒரு படி தாராளமாகவே மேலே போகலாம்.

டீசல்காரர்கள் அளவுக்கு மீறிப் போகக் கூடாது. தார் 2.2 லிட்டர் டீசலின் முழு டார்க் (இழுவிசை) 1,600 முதல் 2,800 ஆர்.பி.எம். வரை. 100 கி.மீ. வேகம் அந்தப் பட்டையின் நடுவே விழ வேண்டும். 4.88 போட்டு நெடுஞ்சாலை முழுக்க 2,500 சுற்றினால் டீசலும் கூடும், காதுக்கும் இரைச்சல். மாற்றாமலே விட்டு, மேட்டில் டாப் கியரில் 1,500-க்குக் கீழே முக்கவிட்டால் அது எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நல்லதில்லை.

ஐந்தாவது: உங்கள் சாலையில் சோதித்துப் பாருங்கள்

காகிதக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். பெங்களூர்த் தமிழர்களில் பலருக்கு மாதத்துக்கு ஒரு தடவையாவது கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வழியாக ஊர்ப் பயணம் உண்டு. அந்தச் சாலையிலேயே நல்ல சோதனைக்களம் இருக்கிறது. சேலத்திலிருந்து திரும்பும்போது வரும் தொப்பூர் ஏற்றம்தான் அது. ரேஷியோவை மாற்றும் முன், குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிய நிலையில் அந்த ஏற்றத்தில் எந்தக் கியரில், எந்த வேகத்தில், எத்தனை ஆர்.பி.எம்.மில் வண்டி சிரமமில்லாமல் ஏறுகிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் குறிக்கச் சொல்லுங்கள். டாப் கியரில் முக்கி, ஒரு கியர் குறைத்ததும் துள்ளி, மறுபடி டாப்புக்குப் போனதும் சோர்ந்தால் ரேஷியோ போதவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டி இரண்டு கியருக்கு நடுவில் மாறி மாறித் தவித்தாலும் அதுதான் அர்த்தம். அந்தத் தவிப்பு நீடித்தால் கியர்பாக்ஸ் ஆயில் சூடேறும்.

சேலத்துக்குப் போகும்போது அதே தொப்பூர் இறக்கம். அங்கே ஆழமான ரேஷியோவின் இன்னொரு பயன் தெரியும்: கியரிலேயே வண்டி கட்டுப்பட்டு இறங்கும், பிரேக்கை மிதித்துக்கொண்டே போக வேண்டியதில்லை. விபத்துகளுக்குப் பெயர்போன அந்த இறக்கத்தில் இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். அதே நேரத்தில், பெரிய டயர் பிரேக்கின் பிடியைக் குறைக்கிறது. ரேஷியோ மாற்றம் அதைச் சரிசெய்யாது. பிரேக் பேடு, டிஸ்க், பிரேக் ஆயில் மூன்றையும் தனியாகக் கவனியுங்கள்.

நந்தி மலைக்கும் திம்பத்துக்கும் போகிறவர்கள் இரண்டாவது கியரைப் பாருங்கள். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தால் டயருக்கு ரேஷியோ குறைவு. டிராக்கில் பாறை ஏறுகிறவர்களுக்கு வேறு கணக்கு: முதல் கியர் × டிரான்ஸ்பர் கேஸின் (முன், பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) லோ × ஆக்சில். முதல் கியர் 4.0, லோ 2.48, ஆக்சில் 4.10 என்றால் 40.7. பெரிய டயர் அதை 37.4-ன் பலனுக்கு இறக்கிவிடும். 4.56 போட்டால் 41.5-ன் பலனுக்குத் திரும்பும். அதற்கு மேல் ஊர வேண்டுமென்றால் ஆக்சிலில் தேடாதீர்கள், டிரான்ஸ்பர் கேஸில் லோ கியர் போடுவதுதான் வழி.

ஜிப்ஸிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஜிப்ஸி சேர்ந்த சுஸுகி சாமுராய் குடும்பத்தில் டிரான்ஸ்பர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனிப் பெட்டியாக இருக்கிறது. அதன் ஹை ரேஞ்சே ஒன்றுக்கு ஒன்று இல்லை, 1.409, லோ 2.268. ஹை, லோ இரண்டையும் ஆழமாக்கும் கியர் செட்கள் இதற்கு உண்டு. ஒரு பெட்டியைத் திறந்தால் முன், பின் இரண்டு ஆக்சிலுக்கும் சேர்த்து வேலை முடிந்துவிடும். பெரிய டயர் போட்ட ஜிப்ஸிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஆறாவது: பொருள் வாங்குவது

ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் இரண்டு ஆக்சிலையும் மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் இப்போது, முன்னால் போனஸ் வந்ததும் என்று தள்ளினால், நடுவில் ஒருநாள் யாராவது ஃபோர் வீல் லீவரைப் போட்டுவிடுவார்கள். பிடி உள்ள தரையில் முன்னும் பின்னும் வேறு வேகத்தில் இழுத்தால் டிரான்ஸ்பர் கேஸோ ஆக்சில் ஷாஃப்டோ உடையும். செலவைக் கணக்கிடும்போது இரண்டு கிரவுன்-பினியன் செட், இரண்டுக்கும் பேரிங், ஆயில் சீல், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்), க்ரஷ் ஸ்லீவ் (பினியன் பேரிங்குகளுக்கு நடுவில் நசுங்கி இறுக்கத்தைத் தரும் குழாய்), புதிய பினியன் நட், கூலி எல்லாம் சேர்த்துப் பாருங்கள். பெரிய டயரின் உண்மையான விலை அப்போதுதான் தெரியும்.

ஜே.சி. ரோட்டில் கேட்டால் மஹிந்திரா ஜீப் பொருட்கள் கிடைக்கும், சிவாஜி நகர்ப் பக்கம் கழற்றிய பழைய பொருட்கள் கிடைக்கும். இரண்டு இடத்திலும் தமிழில் பேசியே வாங்கலாம். பழைய கிரவுன்-பினியன் வாங்குவதாக இருந்தால் ஒன்று மட்டும் தவறக் கூடாது: இரண்டும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் இந்தக் கிரவுனையும் இந்தப் பினியனையும் ஒன்றாக உராயவிட்டு, இரண்டிலும் ஒரே ஜோடி எண்ணைப் பொறிக்கிறார்கள். எண் பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நகத்தை ஒவ்வொரு பல்லின் மீதும் ஓட்டிப் பாருங்கள். குழியோ விளிம்பில் சிதறலோ தட்டுப்பட்டால் அதையும் விட்டுவிடுங்கள்.

சில ஆக்சில்களில் கேரியர் (கிரவுன் வீலைத் தாங்கும் கூடு) எல்லை என்று ஒன்று உண்டு. டானா 44 என்ற ஆக்சிலை எடுத்தால் 3.73 வரை ஒரு கேரியர், 3.92-லிருந்து மேலே வேறு கேரியர். எல்லையைத் தாண்டி ரேஷியோ மாற்றினால் கேரியரும் சேர்த்து வாங்க வேண்டும். உங்கள் ஆக்சிலுக்கு இது உண்டா என்று ஆர்டர் கொடுக்கும் முன் கேளுங்கள். எண் ஏற ஏறப் பினியன் சிறுத்துக்கொண்டே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 8 பல் பினியன் 11 பல் பினியனைவிட மெலிந்தது. கனமான டயரோடு பாறையில் ஏறும் வண்டிக்கு, கிடைப்பதிலேயே ஆழமான எண்ணை எடுப்பது பலவீனத்தை விலைக்கு வாங்குவதாகிவிடும்.

ஏழாவது: ஒர்க்ஷாப்பில் கேட்க வேண்டியவை

ரேஷியோ சரியாக இருந்தும் பொருத்தியது தவறினால் எல்லாம் வீண். கிளட்ச் பிளேட் மாற்றத் தெரிந்த எல்லோருக்கும் டிஃபரன்ஷியல் அமைக்க வராது. நுண்ணிய இடைவெளியை அளக்கும் டயல் கேஜ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாத இடத்தில், "கை பழக்கம் சார், கேஜெல்லாம் தேவையில்ல" என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். முன்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் உள்ள தார், வி-கிராஸ் மாதிரி வண்டிகளில் முன் டிஃபரன்ஷியலைக் கீழே இறக்கித்தான் வேலை பார்க்க முடியும், கூலியும் நேரமும் கூடும். ஜிப்ஸி, பழைய ஜீப்பின் நேர் ஆக்சிலில் வேலை சுலபம்.

அமைப்பதில் நான்கு அளவு முக்கியம்: பினியனின் ஆழம், பினியன் பேரிங்கின் இறுக்கம், கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையிலான விளையாட்டு (பல் இடைவெளி), கேரியர் பேரிங்கின் இறுக்கம். விளையாட்டு பொதுவாக 0.15 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை. க்ரஷ் ஸ்லீவை ஒருமுறை அதிகமாக நசுக்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்க முடியாது; புது ஸ்லீவ் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நல்ல மெக்கானிக் கூடுதலாக ஒன்றிரண்டு கையிருப்பு வைத்துக்கொண்டுதான் இறங்குவார்.

கவரை மூடும் முன் கூப்பிடச் சொல்லுங்கள். "அண்ணா, பேட்டர்ன் பாத்துட்டு மூடலாம்" என்றால் தொழில் தெரிந்தவர் கோபப்பட மாட்டார், சந்தோஷமாகக் காட்டுவார். கிரவுனின் நான்கைந்து பல்லில் மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட் அல்லது நீல மை தடவி, கிரவுனைக் கையால் கொஞ்சம் தடுத்துப் பிடித்தபடி பினியனைச் சுழற்றுவார்கள். பல் உராய்ந்த இடத்தில் மை விலகி, உலோகம் பளிச்சென்று தெரியும். அந்தத் தடம் பல்லின் உயரத்துக்கு நடுவில், ஒழுங்கான நீள்வட்டமாக இருக்க வேண்டும். உச்சியை ஒட்டி இருந்தால் பினியன் வெளியே தள்ளி இருக்கிறது. அடிவேரில் பதிந்திருந்தால் பினியன் அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறது. இரண்டிலும் ஷிம்மை மாற்றி மறுபடி கோக்க வேண்டும். நேரம் ஆகும் வேலை, அவசரப்படுத்தாதீர்கள். தடத்தை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சத்தம் வந்தால் அந்தப் படம்தான் பேசும்.

வண்டியை எடுத்ததும் ஊளைச் சத்தம் வருகிறதா கேளுங்கள். ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது மட்டும், அல்லது விடும்போது மட்டும் வந்தால் கியர் அமைப்பில் சந்தேகம். வேகத்தோடு கூடும் அதிர்வு என்றால் ரேஷியோ காரணமில்லை. லிஃப்ட்டினால் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறியிருக்கும், அந்தப் பக்கம் தேடுங்கள்.

ஸ்பீடோமீட்டரும் எலெக்ட்ரானிக்ஸும்

டயர் 8.9 சதவீதம் வளர்ந்த வண்டி, ரேஷியோ மாற்றாதவரை, 100 கி.மீ. ஓடியதாகக் காட்டும்போது உண்மையில் 109 கி.மீ. ஓடியிருக்கும். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் சேர்க்க வேண்டும். வேகத்தை கியர்பாக்ஸின் வெளியீட்டிலிருந்து எடுக்கும் வண்டிகளில் சரியான ரேஷியோ போட்டதும் மீட்டரும் ஏறத்தாழ நேராகிவிடும். சக்கரத்தின் ஏ.பி.எஸ். சென்சாரிலிருந்து எடுக்கும் வண்டிகளில் ஆகாது. டயர் அளவை கம்ப்யூட்டரில் மாற்றி எழுத வேண்டும். ஆட்டோமேட்டிக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் உள்ள புதிய வண்டிகளில் ஆக்சில் ரேஷியோவையும் எழுதத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று வேலைக்கு முன்பே உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும், கியர் தப்பான நேரத்தில் மாறும்.

முதல் 800 கிலோமீட்டர்

புதிய பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது சூடு அதிகம் வரும். முதல் நாள் 20, 25 கி.மீ. மெதுவாக ஓட்டி, ஹவுசிங் முழுக்க ஆறும்வரை நிறுத்துங்கள். இதை இன்னும் இரண்டொரு முறை செய்யுங்கள். 800 கி.மீ. வரை பாரம் இழுப்பது, முழு ஆக்சிலரேட்டர், நீண்ட நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டாம். 800-இல் ஆயிலை வடித்து மேனுவல் சொல்லும் கிரேடு ஜி.எல்.-5 ஆயிலைப் புதிதாக ஊற்றுங்கள். லிமிடெட் ஸ்லிப் உள்ள ஆக்சிலுக்கு அதற்கான சேர்மானமும் வேண்டும். வடித்த ஆயிலில் சாம்பல் நிறப் பசை போன்ற நுண்துகள் இருப்பது இயல்பு. விரலில் நெருடும் சில்லுகள் இருந்தால் வண்டியை ஓட்டாமல் ஒர்க்ஷாப்புக்குத் தகவல் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய கிரவுன்-பினியனை ஜோடி பிரியாமல் கிரீஸ் தடவி, சுற்றி, எண்ணை எழுதி வையுங்கள்; வண்டியை விற்கும்போது சிலர் பழைய நிலையிலேயே கேட்பார்கள். புதிய ரேஷியோவைச் சின்னத் தகட்டில் பொறித்து, இரண்டு டிஃபரன்ஷியல் கவர் போல்ட்டிலும் மாட்டிவிடுங்கள். நாளை ஆயில் சீலுக்கோ பேரிங்குக்கோ வண்டிக்கு அடியில் போகும் ஆள், சாக்பீஸை எடுத்துக்கொண்டு 20 சுற்று எண்ண வேண்டியிருக்காது.